தொப்பைக்காரனின் பூட்ஸ்

தொப்பைக்காரன் கதையை அப்பா ஏன் இப்போது சொல்வதில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். பத்தாவதோடு பட்டாளத்துக்குப் போனவன் எழுத்து; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் சண்டை நடந்த வருஷம் பயிற்சியில் கொடுத்த புத்தகம் அது. இந்தி வாசிக்கத் தெரியாத எங்களுக்குப் படம்தான் பாடம். தொப்பை வைத்த ஒரு சிப்பாய் எல்லாவற்றையும் தப்பாகவே செய்வான். பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பான். வழியில் பளபளவென்று கிடக்கும் டப்பாவைக் குனிந்து எடுப்பான். அடுத்த படத்தில் ஒரே புகை. தொப்பி மேலே பறக்கும், கீழே பூட்ஸ் இரண்டும் மட்டும் நிற்கும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் அதைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. அதிகச் சத்தமாகச் சிரித்தவன் பொம்மிடிப் பக்கத்துக்காரன், என் கூடாரத்தில் படுப்பவன். மூன்று மாதம் கழித்து அவன்தான் அப்படி ஒரு டப்பாவை எடுத்தான். நான் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

நம் வீட்டில் வேறு படப் புத்தகம் இல்லை. உங்கள் அண்ணன் சின்னவனாக இருந்தபோது சோறு தின்ன அடம்பிடித்தால் அதைத்தான் விரிப்பேன். அந்தப் பூட்ஸ் பக்கத்தைத் தாண்டினால் ஏன் என்று கேட்பான். அதனால் "டமார்!" என்று கத்தி, அதை இன்னும் வேடிக்கையாக்கினேன். பிறகு உங்களுக்கும் அதே கதைதான்.

போன மாதம் அண்ணன் பட்டாளத்துக்குத் தேர்வாகி, மொரப்பூரில் ரயிலேறக் கிளம்பினான். துணிக்கு நடுவே அந்தப் புத்தகத்தை வைத்தான்.

"எதுக்குடா இது?"

"கேம்ப்ல பசங்களுக்குக் காட்டத்தான். பூட்ஸ் படத்தப் பாத்தா உருண்டு சிரிப்பானுங்க. எனக்கு மிலிட்டரி ஆசை வந்ததே இந்தத் தொப்பையனாலதானப்பா!"

சிரித்துக்கொண்டே அவனை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பொம்மிடிக்காரனைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அண்ணன் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நின்றான்.

"அப்புறம் எதுக்குப்பா எங்கள சிரிக்க வெச்ச?"

"ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்றாள் உங்கள் அம்மா. புத்தகத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான்.

இந்த ஞாயிறு நாம் கோயிலில் பூசை முடிந்து வந்ததும் போன் செய்தான்.

"இங்கயும் அதே மாதிரி படம் காட்டினாங்கப்பா. எல்லாரும் சிரிச்சானுங்க. நான் சிரிக்கல. என்னடா மூஞ்சி இதுன்னு உஸ்தாத் இருபது தண்டால் எடுக்க வெச்சாரு."

"எடுத்தியா?"

"எடுத்தேன். கைதான் வலிக்குது."

நீ சிரிக்காதது நல்லதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். "சோறு தின்னியா?" என்றுதான் கேட்க வந்தது.