கரி பூசிய கதாநாயகன்

கிருபாபாய் டீச்சருக்கு நிறம் பார்க்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. குன்னத்துகால் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் நடத்தியவர். ஒரு பழைய அமெரிக்க நாவலில், செய்யாத குதிரைத் திருட்டுக்காக ஒரு கறுப்பனை வெள்ளைக்கார நீதிபதி சிறையில் தள்ளும் இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிள்ளைகளும் அழுதுவைப்பார்கள், வேறு வழியில்லை.

ஓய்வு பெற்றதும் அதையே சபை ஆண்டுவிழாவுக்கு நாடகமாக்கினார். அங்கேதான் வந்தது வினை. கறுப்பன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சபையில் பாதிப் பேர் நல்ல கறுப்பு. ஆனால் கேட்கப் போன வீட்டிலெல்லாம் மகன் திடீரென்று மாநிறமாகிவிட்டான். கல்யாண வயதுப் பையனை ஊர்முன் கறுப்பன் என்று நிறுத்த எந்த அம்மாவும் சம்மதிக்கவில்லை. டீச்சருக்கு வந்ததே கோபம். இவர்களெல்லாம் ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம் என்று போதகரிடமே கேட்டுவிட்டார்.

டீச்சருடைய மகன் ஜெனிலுக்கு வசனம் முழுக்க மனப்பாடம். நிறமும் தோது. நானே நடிக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். ஆனால் முப்பத்துமூன்று வயதாகியும் பெண் அமையாத அவனைப் பார்க்க, அம்பூரியிலிருந்து பெண்வீட்டார் விழாவுக்கே வருவதாக இருந்தது. முன்பு வந்த நான்கு இடங்களும் நிறத்தால்தான் தட்டிப்போயின. ஆகவே அவனுக்கு நீதிபதி வேஷம், முகத்தில் அரை டப்பா பவுடர். சபையிலேயே வெளுத்தவனான சிபிக்குக் கறுப்பன் வேஷம், முகத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கரி.

நாடகம் பிரமாதம். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பு நனைய அழுதாள். திரை விழுந்ததும் டீச்சர் மேடைக்குப் பின்னால் ஓடி மகனைப் பிடித்தார்.

"முகத்த கழுவிராத மக்கா. அவிய போன பெறவு கழுவினா போரும்."

சிபிக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவன் குழாயடியில் கழுவிவிட்டு வருவதற்கும், பெண்ணின் அம்மா மாப்பிள்ளை பார்க்கப் பின்பக்கம் வருவதற்கும் சரியாக இருந்தது. வியர்வையில் பவுடர் கோடு கோடாக வழிய ஜெனில் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், சிபியைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாவப்பட்ட கறுப்பனுக்காக நெஞ்சு வெடிச்சு போச்சு டீச்சரே. கழுவின பெறவு என்னா நெறம். எந்த வீட்டுப் பையனாக்கும்? கல்யாணம் ஒண்ணும் ஆகல்லியே?"

மனுஷனை நிறத்தால் எடைபோடாதீர்கள் என்று வகுப்பில் வருடம் தவறாமல் சொன்ன வாக்கியம் டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மகன் இன்னும் முகம் கழுவாமல் நின்றான். வாக்கியத்தை விழுங்கிவிட்டு, சிபியின் வீட்டுக்கு வழி சொன்னார்.