சிலேட்டில் எழுதிய எண்

எனக்கு எழுத்து சரியாக வராது, ஞாபகமும் தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கிறிஸ்தவ சங்கத்தார் நேற்று எங்கள் தெருவில் ஒரு குழந்தையைப் படம் பிடித்தார்கள். அதன் கையில் எண் எழுதிய அட்டை. நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா செத்த வருஷம், சங்கரன்கோவில் சர்ச்சு வாசலில் நானும் இப்படி ஒரு படத்துக்காக எண் எழுதிய சிலேட்டோடு நின்றேன். படத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து படிப்புக்குப் பணம் அனுப்பும் வெள்ளைக்காரர்களுக்கே என்னைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து அழுதேன்.

“ஏட்டி, அழாத. படந்தான் கப்பல்ல போவும். நீ எங்கூடத்தான் வருவ” என்றாள் அம்மா.

சொன்னவள் பின்னாலிருந்து என் பாவாடையை இறுகப் பிடித்திருந்தாள். படம் பிடித்து முடித்த பிறகும் விடவில்லை.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. யாரிடமாவது இருந்தால், ஓரத்தில் அம்மாவின் விரல் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.