கூரை திறக்கிற கார்

எனக்கு அப்படியொரு கார் வேண்டும் என்பதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். மகள் வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்குக் கீழே ஒரு பெரிய குழு வேலை செய்தது. தாத்தா காலத்திலேயே அல்சூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அரசாங்க உத்தியோகம் பார்த்த அப்பா ஓய்வு பெறும்வரை பஸ்ஸில்தான் போய்வந்தார். அவருடைய மகள் கூரை திறக்கிற காரில் ஆபீஸ் போக ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எல்லாம் ஸ்கூட்டரால் வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் ஸ்கூட்டர்க்காரி. ஓசூர் ரோட்டில் மேம்பாலச் சாலை எழும்பியதைக் கீழேயிருந்து தூண் தூணாகப் பார்த்தவள். ஒரு மழைநாளில் ஏரிக்கரைப் பக்கம் வண்டி சறுக்கி, இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இருசக்கர வண்டி இனி கிடையாது, கார் என்றால் ஆட்டோமேட்டிக்தான், அந்தக் கால் க்ளட்ச் மிதிக்கக் கூடாது.

சில மாதங்கள் கம்பெனி அனுப்பும் கேப் வண்டியில் போனேன். கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டுவிடுவார்கள். நெரிசலில் வண்டி அசையாமல் நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும். கண்ணாடியை இறக்கினால் கூட வருகிறவர்கள் தூசி என்பார்கள். ஒருநாள் பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் நின்று மூச்சு வாங்கினேன். அந்த வாரம்தான் ஒரு சிக்னலில் பக்கத்தில் கூரை திறந்த கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவரின் தலைமுடி காற்றில் பறந்தது. அவ்வளவுதான், எனக்குப் பிடித்துக்கொண்டது.

கணவரிடம் சொன்னபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆபீஸ் போறதுக்கா? தினமுமா?"

"தினமும்தான்."

"ஸ்வல்ப யோசனை பண்ணிப் பாரு. இந்த ஊர்ல கூரையைத் தொறந்தா புகைதான் உள்ள வரும்."

"ஸ்கூட்டர்லயும் அதே புகைதான் வந்தது."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

புதிது எங்களுக்கு எட்டாத விலை. பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அரை நாள் லீவு போட்டுத் தனியாகப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கார்கள் நின்றன. விற்பவர், "யாருக்கு மேடம்?" என்று கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது.

"என் தம்பிக்கு."

எனக்குத் தம்பி கிடையாது.

அவர் உற்சாகமாகிவிட்டார். தம்பி எவ்வளவு உயரம், கல்யாணம் ஆகிவிட்டதா, பின் சீட்டில் ஆள் உட்காருவார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் உயரம் சொன்னேன், கல்யாணம் ஆகவில்லை என்றேன். இல்லாத தம்பிக்கு வேலையும் போட்டுக்கொடுத்தேன். நான் கேட்ட மாதிரி, கூரை திறக்கிற ஆட்டோமேட்டிக்கில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், அடக்கமானது. மற்றொன்று மஞ்சள். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் கட்டுகிற புடவை மஞ்சள்.

என் மனம் சாம்பலைத்தான் கேட்டது. ஆனால் தினமும் ஓட்டப்போகிற காரை நிறம் பார்த்து வாங்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டேன். துணிக் கூரை கண்ணாடியோடு சேருகிற இடத்தில் மக்கு மக்காக ஊற்றினேன். விற்பவர், "ஏனு மேடம், என்ன இது, அபிஷேகமா?" என்று பதறினார். சாம்பல் காருக்குள் கையை விட்டுப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஈரம், தரை விரிப்பில் பழைய துணி மூட்டை நாற்றம். மஞ்சள் கார் உள்ளே ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"தம்பியைக் கூட்டிட்டு வாங்க மேடம். ஓட்டப்போறவரு ஓட்டினாத்தானே தெரியும்?"

கையிலிருந்த மக்கைப் பக்கெட்டில் போட்டேன். பிறகு, "தம்பி இல்லை, எனக்குத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. சட்டென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாம்பல் கார் மெதுவாகப் போகும்போது கியர் மாறுகிற இடத்தில் உதறியது. மஞ்சளோ, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக, பூனை மாதிரி ஊர்ந்தது. என் நாளில் பாதி அப்படி ஊர்வதிலேயே போகிறது. கூரை மடிந்தால் டிக்கியில் ஒரு பைகூட வைக்க முடியாது, வேகத்தடையில் அடி தட்டாமலிருக்க வண்டியைச் சாய்த்து ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மஞ்சளைத்தான் வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அபார்ட்மெண்ட்டில் செய்தி பரவிவிட்டது. கீழ்வீட்டுப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள். என் கணவர் ஒருமுறை ஏறி வந்தார். எங்கள் தெரு வந்ததும் செல்போனைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். ஆபீஸில் யாரும் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. நான் கேண்டீனுக்குள் வந்தால் பேச்சு ஒரு நொடி நின்று வேறு விஷயத்துக்கு மாறும்.

ரோட்டில்தான் சிரமம். சிக்னலில் பஸ் பக்கத்தில் வந்து நின்றால், மேலே நிற்பவர்களுக்கு என் மடிவரை தெரியும். கூரை இல்லாத காரில் எங்கே ஒளிவது? ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பையன், "ஆன்ட்டி, ஏசி ரிப்பேரா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அதன்பிறகு கீழ்ச் சாலைகளில் கூரையை மூடிவிட்டு, மேம்பாலச் சாலையில் ஏறுவதற்கு முன் மட்டும் ஓரமாக நிறுத்தித் திறப்பேன். அந்தச் சிறிது தூரம் முகத்தில் காற்று அடிக்கும். இறங்குவதற்குள் மூடிவிட மனசு அவசரப்படும்.

ஆபீஸில் எங்கள் தளத்தில் டீ, காபி கொடுக்கிற ஒரு பெண் இருந்தார். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கணவருக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் எழுந்து போகாமல் இருக்கட்டும் என்று என் மேஜைக்கே காபி கொண்டுவந்து வைப்பார். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள் காலை, அவர் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சாயங்காலமே எடுத்துவிடுவார்கள் என்றார்கள். எங்கள் குழுவில் ஒரு முக்கியமான வேலை ஓடிக்கொண்டிருந்ததால் மற்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். வழியில் ஒரு ரோஜா மாலை வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன்.

ஆட்டோவில் போயிருக்கலாம் என்ற எண்ணம் பொம்மசந்திராவில் அந்தத் தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் வந்தது. ஒருபக்கம் ஒற்றை அறை வீடுகளின் வரிசை, மறுபக்கம் சாக்கடை. காரைத் திருப்ப வழியில்லை. தெருக் கடைசியில் நீலத் தார்ப்பாயில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கார் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. மேளம்கூட ஒருமுறை தடுமாறிய மாதிரி எனக்குத் தோன்றியது.

ஒரு பெரியவர் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். அவசரமாக அதை இறக்கப்போய்ப் பக்கத்திலிருந்த கூரைப் பித்தானை அழுத்திவிட்டேன். கூரை முனகிக்கொண்டு மேலே எழுந்தது. கையை எடுத்ததும் பாதியில் நின்றது. மறுபடி அழுத்தினேன். முன்னாலும் பின்னாலும் அசையவில்லை. துணிக் கூரை அப்படியே செங்குத்தாக, பாதி விரித்த குடை மாதிரி நின்றது. துக்க வீட்டு வாசலில், மஞ்சள் காரில், பக்கத்தில் மாலையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களாம்மா?" என்று கேட்டார் பெரியவர். இறந்தவரின் அண்ணன்.

"ஆமாங்க. இது... திடீர்னு மாட்டிக்கிச்சு. இருக்கட்டும், விட்டுடுங்க."

"அப்படியே விட்டா எப்படிம்மா? மழை கட்டிக்கிட்டு நிக்குது."

அவர் கைகாட்டியதும் பந்தலிலிருந்து மூன்று நான்கு பேர் எழுந்து வந்தார்கள். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒருவர் தமிழிலும் ஒருவர் கன்னடத்திலும் மற்றவர்களுக்கு வழி சொன்னார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். என் குரல் மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது மழை இறங்கியது.

அடுத்து நடந்ததைத் தடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல, இரண்டு பேர் பந்தலின் தெருப்பக்கக் கயிறுகளை அவிழ்த்தார்கள். நீலத் தார்ப்பாயில் ஒரு பாதி சரிந்து வந்தது. அதைக் காரின் மேல் இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். உட்கார்ந்திருந்த ஆண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். இடமில்லாதவர்கள் நனைந்தார்கள்.

"ஐயோ, எடுத்துடுங்க! எல்லாரும் நனையறாங்க, வண்டி நனைஞ்சா நனையட்டும்" என்றேன்.

"எங்க மேல பட்டா துடைச்சுக்குவோம்மா. வண்டி கெட்டுப்போயிடும்" என்றார் அண்ணன். அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தம்பியைப் பறிகொடுத்த மனிதர் அவர். என் மஞ்சள் காருக்காக மழையில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டியின் மேல் மாலையை வைத்தேன். காபி கொண்டுவருகிற அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெளியில் நடந்த கூச்சல் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அழுகைக்கு நடுவே என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"வண்டி நனையலியே மேடம்?"

இப்போதும் ஏதாவது வேலையாக இருக்கும்போது அந்தக் கேள்வி திடீரென்று ஞாபகம் வரும். கையிலிருக்கிற வேலை நின்றுவிடும். அன்று என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போகும்போது அந்தக் காரைச் சுற்றி ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது. சுவரை உரசிக்கொண்டு, தோளில் பாடையோடு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். நான் வீட்டு வாசலில் பெண்களோடு நின்று அதைப் பார்த்தேன். கூரை அதன்பிறகு, மழை விட்டதும், யாரோ ஒருவர் இரண்டு தட்டுத் தட்டியதில் இறங்கிக்கொண்டது.

வீட்டில் சொன்னதும் கணவர், "வித்துடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறு சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார்கள். ஆட்டோமேட்டிக், நல்ல நிலைமை, கண்ணில் படாத கார். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கேப் வண்டியில் வந்த அதே மூச்சுமுட்டல் நெஞ்சுக்கு ஏறியது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மஞ்சள் காரிலேயே வீடு திரும்பினேன். இவ்வளவு நடந்த பிறகும் விற்க முடியவில்லையே என்று அது வேறு வெட்கமாக இருந்தது. கூரை மோட்டாரை மட்டும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்தேன்.

காரியம் முடிந்து அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே என் மேஜைக்குக் காபியோடு வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அதற்குள் அவரே பக்கத்து மேஜைக்காரர்களிடம், "மேடம் அவ்ளோ வேலைய விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவ்ளோ பெரிய காரு வந்துச்சேன்னு எங்க தெருவே பேசுது" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. உட்கார்ந்து காபியைக் குடித்தேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வந்த பஸ்களெல்லாம் நிரம்பி வழிந்தன. கேட் அருகே அவர் நின்றிருந்தார். ஏறச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். ஓசூர் ரோட்டுக்கு வந்ததும், "மேடம், இது தொறக்கும்ல? தொறங்களேன்" என்றார். ஓரமாக நிறுத்தித் திறந்தேன். மழை இல்லை, நல்ல காற்று. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நெரிசலில் பஸ்கள் பக்கத்தில் நின்றன, மேலிருந்து பார்த்தார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவே இல்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பொம்மசந்திரா திருப்பம் நெருங்கியதும் நிமிர்ந்தார்.

"இங்க மூடிடுங்க மேடம்."

"ஏன், குளிருதா?"

"இல்ல. புருஷன் போயி மாசம்கூடத் திரும்பல, காருல காத்து வாங்கிக்கினு வர்றான்னு சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

வண்டியை நிறுத்திப் பித்தானை அழுத்தினேன். கூரை எழுந்து வந்து எங்கள் தலைக்கு மேல் மூடிக்கொள்ளும்வரை இருவரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தெருமுனைக்கு முன்பே இறக்கிவிடச் சொன்னார். இறக்கிவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, வேகமாக நடந்து போனார்.