இருபது லிட்டர் கேனும் ஐந்து நிமிஷ நாற்காலியும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ராயபுரத்தில் என் வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இல்லை. டிவி ஓடவில்லை. கீரைகூட ஆயவில்லை. அதற்குள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு மேரி ஜன்னல் வழியே தலையை நீட்டி, “இன்னா ரோஸி, ஒடம்பு சரியில்லியா?” என்றாள். மீன் விற்கும் அம்மா கூடையை இறக்காமலே, “வூட்ல எதுனா சண்டையா?” என்று கேட்டார். சிலிண்டர் போட வந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், செருப்புச் சத்தம் வராமல் திரும்பிப் போனார். என்ன நினைத்தாரோ, பாவம்.

நான் செய்துகொண்டிருந்தது உடற்பயிற்சி. சத்தியமாக.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக் வந்ததை இந்தப் பக்கத்தில்தான் எழுதினேன். இடது கையும் காலும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன். கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைத்தவரை, கட்டிலிலிருந்து தூக்கி வீல் சேரில் வைக்க வேண்டியது இப்போது என் வேலை.

எப்படித் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் இடுப்பில் ஒரு பெல்ட். அவர் முழங்காலுக்கு என் முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு எழுப்பி, திருப்பி, உட்காரவைக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பாதி எழுப்பியபோதே என் கை ஓய்ந்துவிட்டது. அவர் தரையில் விழுந்தார். பெரிய அடி இல்லை. நான்தான் அழுதேன், அவர் அழவில்லை. ஆனால் அன்றோடு சரி... தூக்குவதற்கு என்னைக் கிட்டவே விடவில்லை.

“விட்ரு மே. தேவா வரட்டும்.”

தேவா பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மணலியில் ஷிப்ட் வேலை. கிளம்பும் முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை தூக்கிவிட்டுப் போவார். தங்கமான மனுஷன்தான். ஆனால் நடுவில் பத்து மணி நேரம்?

அந்தப் பத்து மணி நேரமும் இவர் தண்ணீர் குடிப்பதில்லை. பாத்ரூம் போக வேண்டி வந்துவிடுமாம். படுக்கையிலேயே போவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லையாம். தலைமாட்டில் வைத்த சொம்பு வைத்தபடியே இருப்பதை நான் கவனிக்கவே ஒரு வாரம் ஆனது. இந்த ஊர் வெயிலில், நாக்கு வறள, பேசாமல் படுத்திருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா, என் கை மேலா என்று எனக்கே தெரியவில்லை.

நேராக மாடிக்குப் போனேன். எங்கள் காம்பவுண்டில் மாடி வீட்டுப் பெண் பெனிட்டா. இருபத்துநாலு வயசு. பளு தூக்கி மெடல் வாங்கியவள், திருவொற்றியூரில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குக் கோச். “எனக்குத் தெம்பு வேணும், சீக்கிரமா. சாகற மாதிரி வேலை வாங்கு,” என்றேன்.

“சாகறதுக்கு இன்னாத்துக்கு ஆன்ட்டி பயிற்சி? மொதல்ல டாக்டராண்ட காட்டிகினு வா,” என்றாள்.

காட்டினேன். டாக்டர் சரி என்றார். மறுநாள் பெனிட்டா கைப்பிடி வைத்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டுவந்து, பாதி நிரப்பி, ஸ்டூல் மேல் வைத்தாள்.

“மூணு தபா தூக்கு. நாலாவது தபாவும் தூக்கலாம்னு தோணும். தூக்காத.”

“அப்புறம்?”

“அஞ்சு நிமிசம் ஒக்காரு.”

“ஒக்காந்து?”

“ஒக்காந்துகினு இரு. அஞ்சு நிமிசம் ஆனதும் திரும்பியும் மூணு. அப்டியே அஞ்சு ரவுண்டு. வாரத்துக்கு மூணு நாளு. வாராவாரம் ஒரு சொம்பு தண்ணி ஏத்து. அவ்ளோதான்.”

எனக்கு அவமானமாக இருந்தது. வியர்வைகூட வராத பயிற்சி ஒரு பயிற்சியா? நாலு படி ஏறினால் இதைவிட மூச்சு வாங்கும். ஆனால் தூக்குவது கஷ்டமில்லை... உட்காருவது இருக்கிறதே, அதுதான் கொலை. நீங்களும் ஒரு நாள் முயன்று பாருங்கள். முதல் நிமிஷம் ஒட்டடை கண்ணில் படும். இரண்டாவது நிமிஷம் காலண்டர் தாள் கிழிக்காதது படும். வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், என்னைத்தான் எழுப்புகிறான் என்று தோன்றும். கால் தானாக ஆடும். மூன்றாவது நிமிஷத்தில் நான் எழுந்துவிட்டேன்.

எழுந்தவள் எங்கே போனேன்? அடிபம்ப்புக்கு. பின்பக்க வராந்தாவில்தான் பயிற்சி, அதை ஒட்டியே பம்ப். ஐந்து நிமிஷத்தில் இரண்டு குடம் அடித்துவிடலாமே? அடுத்த ரெஸ்ட்டில் பெட்ஷீட்டை அலசிப் பிழிந்தேன். அதற்கடுத்த ரெஸ்ட்டில் மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு மிஷினுக்கு ஓடினேன். நேரத்தை வீணாக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாதம் போயிற்று. பெனிட்டா கட்டில் ஓரத்தில் தானே உட்கார்ந்து, “எங்க, என்னிய தூக்கு பாக்கலாம்,” என்றாள். பாதிகூட வரவில்லை. கட்டிலில் இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ரெஸ்ட்டு எடுக்கறியா ஆன்ட்டி?”

“எடுக்கறேனே.”

சுவரைப் பார்த்தபடியே இவர் போட்டுக்கொடுத்தார். “அவ எங்க ஒக்காந்தா? ரெஸ்ட்டு டைம்ல பம்ப்பு சத்தந்தான் கேக்குது.”

பெனிட்டாவுக்கு வந்ததே கோபம். “தூக்கறப்ப ஒடம்பு வேலைய கத்துக்கும், ஒக்கார்றப்பதான் ஆன்ட்டி தெம்ப சேத்து வெக்கும். நீ சேக்க சேக்க பம்ப்புல கொண்டுபோய் ஊத்திகினு கீற. பேஜாரு புடிச்ச கேஸு நீ.”

வீட்டில் பட்டப்பகலில் ஒரு பெண் உட்கார்ந்தால் நமக்குத் தெரிந்த காரணம் மூன்றுதான்: நோய், சண்டை, சாவு. இந்த மூன்றும் இல்லாமல் உட்கார என் அம்மாவும் கற்றுத்தரவில்லை, மாமியாரும் விடவில்லை. ஐம்பத்துநாலு வயசில் இதை எந்தக் கோச்சிடம் போய்ச் சொல்வது?

அவள் கேனையும் ஸ்டூலையும் ஹாலுக்குத் தூக்கி வந்தாள். என் நாற்காலியை இவர் கட்டிலுக்கு நேர் எதிரே போட்டாள். “அங்கிள், டைம் நீ பாரு. எந்திரிச்சா என்னிய கூப்டு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவருக்கு ஒரு வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்தது. விடுவாரா?

“லோடை ஒரு ஜாண் தூக்கி நிறுத்திட்டுதான் மே மேல எடுப்போம். நிறுத்தாம எடுத்தா ஆடும்,” என்றார். கீழே நிற்பவர் விரலைச் சுழற்றினால் கிரேன் தூக்க வேண்டும். முஷ்டியை மூடினால் நிறுத்த வேண்டும். மூடிய முஷ்டிக்கு மறுபேச்சு கிடையாதாம். மூன்று தடவை நான் தூக்கி முடித்ததும் இவர் வலது முஷ்டியை மூடுவார். ஐந்து நிமிஷம் கழித்து விரல் சுழலும். இதற்கு நடுவில் நான் ஒட்டடையைப் பார்த்தாலே முறைப்பார்.

ஆறு வாரம் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேன் நிறைந்துவிட்டது. போன ஞாயிறு பெனிட்டாவைக் கட்டிலிலிருந்து எழுப்பித் திருப்பி வீல் சேரில் வைத்தேன், மூன்று தடவை. இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. முதல் ரவுண்டு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேரும் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. ஐந்து நிமிஷமும் முடிந்தது. எழுந்து கேன் பக்கம் போனேன்.

“கேனை விடு மே,” என்றார். “என்னியத் தூக்கு.”

பயமாக இருந்தது. சொல்ல என்ன வெட்கம்? பெல்ட்டைக் கட்டும்போது விரல் வழுக்கியது. முட்டுக் கொடுத்தேன். அவர் முகத்துக்கு நேரே என் முகம். என் தோளுக்குப் பக்கத்தில் அவர் சுட்டுவிரல் மெதுவாகச் சுழன்றது. எழுப்பினேன். முஷ்டி மூடியது. நின்றேன், அவரும் நின்றார். மறுபடி விரல். திருப்பி உட்காரவைத்தேன். ஆடவில்லை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, “தண்ணி குடு,” என்றார்.

காலை பத்தேகால் மணிக்கு, தேவா வர இன்னும் பாதி நாள் இருக்கும்போது, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. மறைக்க வேண்டுமே என்று சொம்பை வாங்கிக் கழுவக் கிளம்பினேன்.

முஷ்டி மூடியது.

உட்கார்ந்தேன். எதிரும் புதிருமாக, அவர் வீல் சேரில், நான் நாற்காலியில். சரியாக அந்த நேரத்தில் மேரி மறுபடி ஜன்னலில் தலையை நீட்டினாள். “இன்னா, ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்துகினு கீறீங்க?”

“வேலையா இருக்கோம், அப்புறம் வா,” என்றேன்.