சம்மந்தி உதிர்த்த இட்லி

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி தாராவிச் சந்துகளில் இட்லி விற்றவன். இன்று அதே தாராவியில் முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு முதலாளி. செம்பூரில் சொந்த வீடு. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்டவனை ஒரு கிண்ணம் உப்புமா தோற்கடித்துவிட்டது.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் என் கடைக் கேரியர்தான். மகனும் மருமகளும் ஆபீஸ் விட்டு, ரயிலில் நசுங்கி வந்து சேர எட்டு மணி ஆகும். நான் ஏழரைக்கே கேரியரோடு வந்துவிடுவேன். மேலே இட்லி, நடுவில் புரோட்டா, அடியில் சால்னா. பேரனும் பேத்தியும் வாசலிலேயே மூடியைத் திறப்பார்கள்.

போன வருஷம் மருமகளின் அப்பா, அதாவது என் சம்மந்தி, பக்கத்தில் திலக் நகருக்குக் குடிவந்தார். மாட்டுங்காவில் இருந்துகொண்டு ஆயுசு முழுக்க ஆபீஸில் ஃபைல் பார்த்தவர். சம்சாரம் தவறிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வருவார். பாடம் எனக்கு வராத வேலை, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கேரியரோடு உள்ளே வந்தால், பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கடை தாத்தா, நாங்க சாப்ட்டுட்டோம்! ஏக்தம் மஸ்த், செம ருசி!" என்றான் பேரன்.

முந்தின நாள் நான் கொண்டுவந்து மிஞ்சிய இட்லி. அதை உதிர்த்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மேலே ஓமப்பொடி மாதிரி சேவ் தூவி, உப்புமா ஆக்கியிருந்தார் சம்மந்தி.

"என்ன சம்மந்தி, பழைய இட்லியவா புள்ளையளுக்குக் குடுக்கிய?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்தது. பத்து நிமிஷ வேலை. நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கோங்களேன்."

"எனக்கு வேண்டாம்."

அன்றைக்கு என் கேரியரை யாரும் திறக்கவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒருநாள் தயிரில் ஊறிய அவல், மேலே மாதுளை முத்து. ஒருநாள் பாவ் ரொட்டியை நெய்யில் வாட்டி நடுவில் உருளைக்கிழங்கு. ஒருநாள் குக்கரில் பருப்பும் அரிசியும் ஒன்றாய்ப் போட்டு மூன்று விசில். எதுவும் அரை மணியைத் தாண்டாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதே போன் போட்டு, "மாட்டுங்கா தாத்தா, இன்னைக்கு என்ன?" என்று கேட்பார்கள். என்னிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, இட்லி, புரோட்டா, சால்னா என்று அவர்களுக்கே தெரியும். எனக்கு வயிறு எரிந்தது.

"புதன்கிழமை நான் சமைக்கேன். சம்மந்தி சும்மா உக்காந்து பாக்கட்டும்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?" என்றாள் மருமகள்.

"சிரமமா? ஒரே அடுப்புல நூறு பேருக்கு ஆக்குனவன் நான். ஆறு பேருக்கு ஆக்க மாட்டேனா?"

தக்காளிச் சாதம் செய்தேன். கடையில் நாங்கள் உப்புக்குக் கரண்டி வைப்பதில்லை, கைதான் அளவு. வாயில் வைத்துப் பார்க்கும் வழக்கமும் எனக்கு இல்லை, ஆவி மணத்திலேயே பதம் சொல்லிவிடுவேன். அரிசியை நினைவாகக் குறைத்தேன், தக்காளியைக் குறைத்தேன். கை மட்டும் கடைக் கை. அது பாட்டுக்கு உப்பு ஜாடிக்குள் போய் அள்ளிப் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

பேத்தி ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்தாள்.

"தாத்தா, தண்ணிக்குப் பதிலா சமுந்தர்ல இருந்து மொண்டு ஊத்திட்டீங்களா?" என்றான் பேரன். மகன் தலையைக் குனிந்துகொண்டு மென்றான்.

சம்மந்தி சிரித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் உப்பில்லாமல் இன்னும் இரண்டு டம்ளர் அரிசியைக் குக்கரில் வைத்தார். ஆறவைத்து, என் சாதத்தோடு கிளறி, நெய் விட்டு, வேர்க்கடலையை வறுத்துப் போட்டார். பிள்ளைகள் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"மாட்டுங்கா தாத்தா சூப்பர்!" என்றாள் பேத்தி. தக்காளி நான் வதக்கியது, மசாலா நான் அரைத்தது. பேர் அவருக்கு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த மனுஷனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே என் இட்லிதானே? அது இல்லாவிட்டால் எதை உதிர்ப்பார்? மறுவாரம் முழுக்க ஒரு இட்லியும் மிஞ்சாமல் கேரியரைத் தினமும் காலியாக்கவைத்தேன். வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்தேன்.

"இன்னைக்கு மாவு பொங்கல" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரரிடம்கூடச் சொல்லாத பொய்.

"அதனால என்ன?" என்றார் சம்மந்தி. காலையில் மிஞ்சிய சப்பாத்திகளைச் சுருட்டி நாடா நாடாய் நறுக்கினார். வெங்காயம், குடைமிளகாய், ஒரு முட்டை. பத்தே நிமிஷம். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. பசி, சாப்பிட்டேன்.

"உப்பு சரியா இருக்கா, சம்மந்தி?"

இரண்டு பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நன்றாகத்தான் இருந்தது. காலித் தட்டை நீட்டினேன். அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

மறுநாள் கடையில் கேரியர் கட்டும்போது, மேல் தட்டில் பத்து இட்லியை நானே கூடுதலாக வைத்தேன். மிஞ்சட்டும் என்றுதான்.