சுத்தம் செய்த ஓடை

தொட்டிக்காரர் தன் தங்கை கணவருக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. மாப்பிள்ளை ஒரு நாளும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் தொட்டிக்காரரை உள்ளே முள்ளாகக் குத்தியது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். சைக்கிளில் தண்ணீர்ப் பைகளைத் தொங்கவிட்டு வண்ணமீன் விற்றவர், வீட்டுப் பின்புறம் பதினாறு சிமெண்டுத் தொட்டிகளுக்கு முதலாளி ஆனார். பட்டம் வாங்கினவர்கள் கையில் முட்டையிட மறுத்த மீன் இவர் கையில் முட்டையிட்டது. அதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார். சொன்னால் என்ன, பொய்யா? ஆனால் அந்த மீன்கள் கொழுத்தது ஓடையின் கூனிப்பூச்சியைத் தின்று. அதைப் பிடித்து வந்தது மாப்பிள்ளை. இதை மட்டும் அவர் எவரிடமும் சொன்னதில்லை.

கூனிப்பூச்சி அரிசியளவு உயிர். இறாலுக்குத் தம்பி முறை. வளைந்த முதுகு, பக்கவாட்டில் சாய்ந்து விசுக்கென்று நீந்தும். குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரில், கல்லுக்கடியிலும் மக்கிய இலைக்குள்ளும் குடியிருக்கும். மாப்பிள்ளை வலைப்பையில் மக்கிய இலையை அடைத்து ஓடையில் அமிழ்த்தி வைப்பார். மூன்றாம் நாள் காலை தூக்கி வாளிக்கு மேல் உதறினால் பொலபொலவென்று கொட்டும். வயிற்றில் முட்டை சுமக்கும் பெட்டைகளைப் பொறுக்கித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"ஒரு வாளிக்கு இவ்வளவு நேரமா மாப்ள? ஆமையே உங்களை முந்திட்டுப் போயிடும்."

"ஆமைக்கு எந்தக் காலத்துலயும் சோத்துக்குப் பஞ்சம் வந்ததில்லையே மச்சான்!"

கடனும் அவரிடம், தீனியும் அவரிடம். மீன் வாங்க வந்த வியாபாரி ஒருவர் விளையாட்டாக, "உங்க மாப்பிள்ளை வாளி வரலைன்னா நீங்க கடையை மூட வேண்டியதுதான் போல," என்றார். தொட்டிக்காரருக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்தார். தொட்டிக்காரர் இரண்டு கூலியாட்களோடு தானே ஓடையில் இறங்கினார். அங்கே கிடந்த இலைக்குப்பை அவர் கண்ணை உறுத்தியது. தொட்டி அடியில் ஒரு தூசு தங்கவிடாதவர். அந்தச் சுத்தத்தால் முன்னுக்கு வந்தவர். ஓடையையும் அப்படி வைத்தால் பூச்சி பெருகிவிடும் என்று கணக்குப் போட்டார். மக்கிய இலை முழுவதையும் வாரிக் கரையில் கொட்ட வைத்தார். கல்லைப் புரட்டித் தேய்க்க வைத்தார். அன்று மட்டும் பத்து வாளி பூச்சி! முட்டை சுமந்தவைதான் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றையும் சேர்த்தே மீனுக்குப் போட்டார்.

காய்ச்சல் விட்டு வந்த மாப்பிள்ளை, கரையில் காய்ந்துகிடந்த குவியலைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன மச்சான் இது? அதுங்க வீட்டையும் சோத்துப்பானையையும் சேர்த்துத் தூக்கி வெளியில வச்சிட்டீங்களே."

"பொறுத்துப் பாருங்க. தண்ணி எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு!"

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் மாப்பிள்ளையின் பைகள் வெறும் இலையோடு மேலே வந்தன. பூச்சியைத் தின்று வாழ்ந்த ஓடைமீன்களும் காணாமல் போயின. வேறு பிழைப்பு தெரியாத மாப்பிள்ளை, மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனார். போகும்போதும் கடனைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொட்டிகளில் பாதி மீன் செத்தது. கேட்டவர்களிடம் தொட்டிக்காரர், "சீசன் சரியில்லை," என்றார்.

ஒரு நாள் அவரே கூடை கூடையாகப் பச்சை இலை கொண்டுபோய் ஓடையில் கொட்டினார். தண்ணீரைச் சோதிக்க வந்திருந்த பெண்மணி பார்த்துவிட்டுத் தடுத்தார்.

"பச்சையா போட்டா கூனிப்பூச்சிங்க தொடாதுங்க ஐயா. ஊறி, பூஞ்சை பிடிச்சு, மெத்துனு ஆகணும். இதுங்க கடிச்சுத் தூளாக்கினாத்தான் மத்த சின்ன உயிருக்கும் சாப்பாடு. ஆமா, இங்க இருந்த இலையை யார் வாரினது?"

"எவனோ ஒரு மடையன்," என்றார் தொட்டிக்காரர். தான் செய்த வேலைக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாதது அதுவே முதல் தடவை.

பிறகு இரண்டு வருடம் இலையை ஊறவைத்து, பையில் கட்டி, ஓடையில் இறக்கினார். ஊற்றுக்கண் பக்கம் தப்பிப் பிழைத்தவை மெல்லக் கீழே வந்தன. ஒரு காலை பையை உதறியபோது பதினொன்று விழுந்தன. அவற்றில் இரண்டு ஆண்பூச்சிகள் தங்கள் பெட்டைகளை இறுகப் பிடித்துச் சுமந்துகொண்டிருந்தன. ஈரக் கையோடு ஃபோன் போட்டார்.

"மாப்ள, வந்துடுச்சு! ஜோடி ஜோடியா இருக்கு! கிளம்பி வந்துடுங்க."

மறுமுனையில் அலைச்சத்தம் கேட்டது. "சந்தோஷம் மச்சான். இங்கயும் கரையில ஒதுங்கின கடல்பாசியைப் புரட்டினா இதோட பங்காளிங்க துள்ளுதுங்க. பார்க்கும்போதெல்லாம் ஓடை ஞாபகம்தான். ஆனா இங்க வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. வீடும் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை அவளையும் அழைச்சுக்கறேன்."

மச்சான் என்று கூப்பிட்ட குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம்.

தொட்டிக்காரர் ஆறு தொட்டி மீனை வந்த விலைக்குத் தள்ளினார். ஞாயிறு காலை தங்கை வீட்டுக்குப் போனார். சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. தங்கை பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடன் பணத்தை மாப்ள கையில குடுத்து, ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன்."

"அவர் வரலண்ணே. வேலை இருக்காம்."

"இல்ல, அந்த இலை விஷயம்... நான் அன்னிக்கு..."

"எல்லாருக்கும் தெரியும்ணே. உனக்குத்தான் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சு. வண்டி வந்துடும், குடுக்கறதைக் குடு."

அவர் உறையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உறையெல்லாம் வேண்டாம். எண்ணு."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளங்கையை விரித்தாள். அவர் விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாகச் சத்தமாக எண்ணி அதில் வைக்கத் தொடங்கினார். பாதிக்குமேல் கடைசி நோட்டுவரை வாய்க்குள்ளேயே எண்ணி வைத்தார்.