இந்த மாசம் புல்லுதான்

அக்கா குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு புல்கதிரைக் கிள்ளி, விதையை முன்பல்லில் நசுக்கிப் பார்த்துத் துப்புகிறார். "பாலுதான் வருது. இன்னும் முத்தல." அவ்வளவுதான், இன்றைக்கும் வேலிக்கதவு திறக்காது. வேலிக்கு வெளியே ஆடுகளோடு நிற்பவர்கள் முனகிக்கொண்டே திரும்புகிறார்கள்.

மலையிடுக்கின் இரண்டு சரிவுகளிலும் படர்ந்திருக்கும் புல்வெளிக்கு அவர் காவலர். ஊருக்குப் புல்லக்கா. புல் விதை உதிர்த்த பிறகே ஆடு உள்ளே போகலாம். அதற்கு முன் மேய்ந்தால் அடுத்த வருடம் வெறும் மண்தான் மிஞ்சும். ஒரு நல்ல மழையில் அதுவும் ஆற்றோடு போய்விடும். கனத்த உடம்பு. ஆனாலும் செங்குத்துச் சரிவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறிவிடுவார். "இந்த ஊசிப்புல்லு இருக்கிற எடத்துலதான் அந்த நீலப்பூ வரும். ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காது. நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியா?"

எங்கிருந்தோ வந்து பரவிவிட்ட மஞ்சள்பூ முள்செடிக்கு அவர் வைத்த பெயர் 'கொழுந்தன்'. இரண்டு நாள் தங்கிப்போக வந்த கணவரின் தம்பி வருடக்கணக்காகக் கிளம்பவில்லை. "இன்னிக்கு ஒரு கூடை கொழுந்தன வேரோட புடுங்கினேன்" என்று அக்கா வீட்டில் சொல்லும்போது, நிஜக் கொழுந்தன் தட்டிலிருந்து தலை நிமிர்த்த மாட்டார்.

இந்த வருடம் மழை பிந்தியது. கதிர் முற்றவில்லை. அக்காவின் கணவரும் ஆடு வளர்ப்பவர். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் வேலியோரம் வந்து நின்றார்.

"கொஞ்ச நேரம் தொறந்து விடேன். யாரு பாக்கப் போறா?"

"வீட்டுல நீங்க எம் புருஷன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்க ஒரு ஆட்டுக்காரரு."

"உனக்குப் புல்லு முக்கியமா, நான் முக்கியமா?"

அக்காவுக்குப் பொய் வராது. யோசித்துப் பார்த்தார். "இந்த மாசம் புல்லுதான்."

அன்றோடு கணவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். "உப்பு பத்தலன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லுடா." "கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க தம்பி." கொழுந்தனுக்கு அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

ஆனால் ஆடுகளுக்கு ரோஷம் தெரியுமா, பசிதான் தெரியும். ராத்திரியெல்லாம் பட்டியில் அவை கத்துவதைக் கேட்டு அக்கா புரண்டு படுத்தார். காலையில் ஒரு வழி தோன்றியது. வேலிக்கு வெளியே சாலையோரம் முழுக்க முள்செடிதான். முள் இறுகுவதற்கு முன்னால் ஆடு அதை ஆசையாகவே தின்னும். "ஆட்ட ஓட்டிட்டுப் போயி கொழுந்தனத் தின்ன விடச் சொல்லுங்க, தம்பி." தூதருக்கு ஒரு கணம் முகம் வெளுத்துவிட்டது. ஊர் ஆடுகள் அத்தனையும் அதைத் தின்றே தாக்குப்பிடித்தன. சாலையோரமும் சுத்தமானது.

ஒருவழியாக விதை உதிர்ந்தது. அக்கா கதவைத் திறந்தார். ஒருவர் வாயிலும் விழக்கூடாதென்று கணவரின் மந்தையைக் கடைசியில் நிறுத்தினார். சரிவின் நடுவே ஒரே ஒரு குத்துப் புல் மட்டும் கதிர் பச்சையாக நின்றது. அந்த இனத்தில் அந்த இடுக்கில் மிஞ்சியது அது ஒன்றுதான். கைகளை விரித்து அதற்குக் காவல் நின்றார். முன்னால் ஒரு ஆட்டை விரட்டினால் பின்னால் இன்னொன்று வாய் வைத்தது. பம்பரமாகச் சுழன்றார்.

கடைசி மந்தை இறங்கியது. கணவர் பார்த்தார். நேராக வந்து, புல்லின் மறுபக்கத்தில் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்று, தம்முடைய ஆடுகளுக்குக் குறுக்கே கோலை நீட்டினார்.